ஸ்விட்ச் யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் சமூக ஊடகங்களைத் தடை செய்த அரசு, தெருவில் இறங்கிய இளைஞர்களிடம் இரண்டே நாளில் வீழ்ந்ததைப் பற்றிப் போன இதழில் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கங்களை நிறைத்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"செல்போன் இல்லாமல் இந்தக் காலத்தில் போராட்டமே கிடையாது" என்கிறான் என் மகன். நாங்கள் கல்லூரியில் படித்தபோது ராத்திரி முழுக்கக் கண்விழித்து நோட்டீஸ் அடித்தோம். யார் சொல்வது சரி? — ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

உங்கள் பக்கம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, சார். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். செய்தி கேள்விப்பட்ட ஜோ ஆன் ராபின்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியை அன்று இரவே தன் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடிய உருட்டினார். ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி அடித்து, வெட்டி, கட்டுக் கட்டாகப் பிரித்து, மறுநாள் ஊர் முழுக்கப் பல்லாயிரம் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. 'திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள்' என்பதுதான் அதன் சாரம். அந்த ஒரு நாள் புறக்கணிப்பு 381 நாள் ஓடியது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த நோட்டீஸில் அடித்தவர் பெயர் கிடையாது. ஆனால் அடித்த இயந்திரம் அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியுடையது! வேலை போயிருக்கலாம். இன்னொன்று, இதெல்லாம் ஒரு ராத்திரியில் முளைத்ததும் இல்லை. பேருந்துகளைப் புறக்கணிக்க நேரிடும் என்று 1954 மே மாதமே அவர் மேயருக்குக் கடிதம் எழுதிவிட்டார். எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரிடம் கட்டைக் கொடுப்பது என்பதெல்லாம் முன்பே யோசித்து வைத்தது. இயந்திரம் ஒரு ராத்திரி வேலை செய்தது, ஆட்கள் ஒன்றரை வருஷம் வேலை செய்திருந்தார்கள்.

ஆகவே எந்தக் கருவியைப் பார்த்தாலும் 'எவ்வளவு வேகம்' என்று நான் கேட்பதில்லை. அதை நிறுத்தும் ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது, பயன்படுத்தியவர் பெயர் அதில் பதிகிறதா – இந்த இரண்டைத்தான் பார்ப்பேன். சைக்ளோஸ்டைலில் பெயர் பதியாது. உங்கள் மகனுடைய செல்போனில் பெயர், ஊர், நின்ற இடம், நின்ற நேரம் எல்லாமே பதியும்.

போராட்டத்துக்கு முதன்முதலில் உதவிய தொழில்நுட்பம் எது?

'முதன்முதலில்' என்று சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். அச்சு இயந்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 1525இல் ஜெர்மனியில் விவசாயிகள் கலகம் செய்தபோது மெமிங்கன் என்ற ஊரில் கூடித் தங்கள் கோரிக்கைகளைப் பன்னிரண்டு அம்சங்களாக எழுதினார்கள். பண்ணை அடிமைத்தனம் வேண்டாம், காட்டில் விறகு எடுக்க விடுங்கள், இந்த மாதிரி. அது சில வாரங்களிலேயே பல நகரங்களில் திரும்பத் திரும்ப அச்சாகிப் பரவியது. ஒரு பள்ளத்தாக்குக்காரன் கேட்டதையே அடுத்த பள்ளத்தாக்குக்காரனும் கேட்க ஆரம்பித்தான்.

ஆனால் அதே அச்சகங்கள்தான் கலகக்காரர்களை வெட்டிச் சாய்க்கச் சொன்ன மார்ட்டின் லூதரின் பிரசுரத்தையும் அடித்து விற்றன. கலகம் அடக்கப்பட்டது, செத்தவர்கள் ஏராளம். அச்சுக்கூடம் யார் பக்கமும் இல்லை.

தந்தியால் ஆட்சியாளர்களுக்குத்தானே லாபம்? — அஞ்சல் துறையில் இருந்தவர்

பெரும்பாலும் ஆமாம். 1857 மே 11 அன்று மீரட் சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்ததும், அங்கிருந்த தந்தி ஊழியர்கள் அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அது லாகூருக்குப் போனது. மே 13 அன்று லாகூருக்குப் பக்கத்தில் இருந்த இந்தியச் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தித் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டார்கள். கலகச் செய்தியை ஓட்டக்காரனும் குதிரையும் கொண்டுவந்து சேர்ப்பதற்கு முன்னால் கம்பி வேலையை முடித்துவிட்டது.

ஆனால் அதே கம்பி ஆட்சியாளர்களைக் கடித்த கதையும் உண்டு. 1930 மே 21, குஜராத்தின் தராசனா உப்புக் கிடங்கு. கை ஓங்காமல் வரிசை வரிசையாக முன்னேறிய சத்தியாகிரகிகளைப் போலீஸ் இரும்புப் பூண் போட்ட தடியால் மண்டையில் அடித்தது. அதை நேரில் பார்த்த வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் எழுதியதைத் தந்தி அலுவலகத்தில் தடுக்கப் பார்த்தார்கள். சண்டை போட்டு அனுப்பினார். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது. ஸ்விட்ச் பிரிட்டிஷாரிடம் இருந்தும், அதை முழுசாக அணைக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை, வெளிநாட்டுக்காரன் பார்த்துவிட்டான் அல்லவா.

நம் சுதந்திரப் போராட்டத்தில் ரகசிய ரேடியோ நடத்திய பெண்ணைப் பற்றிச் சொல்லுங்களேன்.

உஷா மேத்தா. 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வந்த மறுநாள் காலையே காந்தி உட்பட எல்லாத் தலைவர்களையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள், பத்திரிகைகளுக்குக் கடும் தணிக்கை. அப்போது 22 வயதுக் கல்லூரி மாணவியான உஷாவும் நண்பர்கள் சிலரும் பம்பாயில் ஒரு டிரான்ஸ்மிட்டரை ஏற்பாடு செய்து, '42.34 மீட்டரில் இந்தியாவில் எங்கிருந்தோ பேசுகிறது காங்கிரஸ் வானொலி' என்று ஒலிபரப்பத் தொடங்கினார்கள்.

அந்த 'எங்கிருந்தோ' வெறும் அலங்கார வார்த்தை இல்லை. சிக்னலை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறிக்கொண்டே இருந்தார்கள். மூன்று மாதம் தாக்குப்பிடித்தது. நவம்பர் 12 அன்று போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்தது, தொழில்நுட்ப வேலை பார்த்த ஒருவரே காட்டிக்கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். உஷாவுக்கு நான்கு வருஷச் சிறை. ரேடியோவில் அனுப்புகிறவர் ஒருவர்தான், அவரைப் பிடித்தால் கதை முடிந்தது. கேட்கிறவர் யார் யார் என்று எந்தப் போலீஸாலும் சொல்ல முடியாது. இன்றைய நிலைமை அப்படியே தலைகீழ்.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டு கேட்கிறவர்கள் மேல் கை வைத்தார்கள். 1956இல் விடுதலைப் போராளிகளின் வானொலி வந்ததும் ரேடியோப் பெட்டி விற்பதற்கே கட்டுப்பாடு, பேட்டரிக்குக் கட்டுப்பாடு, அலைவரிசையில் இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே ஒருவர் காதை ஒட்டி வைத்துக் கேட்டுச் சுற்றி இருப்பவர்களுக்குச் சொல்வார். பாதி கேட்டது, பாதி அவர் சேர்த்தது!

டைப்ரைட்டருக்குக்கூட லைசென்ஸ் வாங்கச் சொன்ன நாடு உண்டாமே, உண்மையா?

உண்மை. ருமேனியா, 1983. தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் போலீஸில் பதிவு செய்து, எழுத்துகளின் மாதிரியையும் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒவ்வொரு எழுத்து கொஞ்சம் கோணலாக விழும் இல்லையா, அதை வைத்து நோட்டீஸ் அடித்தவரைப் பிடிக்கத்தான். செல்போனை ஆதாரோடு இணைக்கச் சொன்ன காலத்தைப் பார்த்த நாம் ரொம்பச் சிரிக்கவும் முடியாது.

ஈரான் புரட்சியைக் 'கேசட் புரட்சி' என்பது மிகைதானே?

கொஞ்சம் மிகை. ஆனால் முழுக்கப் பொய் இல்லை. மதத் தலைவர் அயத்துல்லா கொமேனி நாடு கடத்தப்பட்டு இராக்கின் நஜஃபில் இருந்தபோதே அவர் பேச்சு கேசட்டில் பதிவாகி, யாத்திரை போய்வருபவர்கள் பைகளில் ஈரானுக்குள் வந்துகொண்டிருந்தது. 1978 அக்டோபரில் அவரை அங்கிருந்தும் கிளப்பினார்கள், பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தார். ஈரான் மன்னர் ஷாவுக்கு அதுதான் வினையாக முடிந்தது. பிரான்ஸிலிருந்து தெஹ்ரானுக்கு நேரடியாகத் தொலைபேசி போட முடிந்தது! அங்கே பேச, இங்கே டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, அன்றைக்கே பிரதி எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கேசட் எல்லோர் வீட்டிலும் பாட்டுக் கேட்க இருந்த சாமான். அதைத் தடை செய்ய வேண்டுமென்றால் பாட்டையே தடை செய்ய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரதி எடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், நடுவில் கம்பெனி இல்லை, சர்வர் இல்லை. ஸ்விட்ச் யாரிடமும் இல்லாத கருவி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் கேசட்டைத்தான் சொல்வேன்.

அப்படியானால் மிகை எங்கே? கேசட்டை அனுப்ப மசூதிகளும் கடைவீதிகளும் இருந்தன. அந்த வலைப்பின்னல் இடதுசாரிகளிடமும் தாராளவாதிகளிடமும் அந்த அளவுக்கு இல்லை. அவர்களும் தெருவில் நின்றார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஷா போன பிறகு ஆட்சி கொமேனி கைக்குத்தான் போனது என்பது உங்களுக்கே தெரியும்.

டி.வி. கேமரா இருந்தால் போலீஸ் அடிக்காது என்பார்கள். அனுபவம் என்ன சொல்கிறது? — சட்டக் கல்லூரி மாணவி

அடிக்கும். ஆனால் அடித்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும், சில சமயம். 1965 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் செல்மாவில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் பாலத்தின் மேல் அடித்து நொறுக்கினார்கள். அன்று இரவு ஒரு தொலைக்காட்சி, நாஜிகள் மீதான விசாரணையைப் பற்றிய படத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைப் போட்டார்கள். படத்தில் பார்த்ததும் செய்தியில் பார்த்ததும் மக்கள் மனதில் ஒன்றாகிப்போனது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

1989 அக்டோபர் 9, கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக்: சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். வெளிநாட்டுச் செய்தியாளர்களை உள்ளே விடவில்லை. இரண்டு இளைஞர்கள் ஒரு தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் படுத்துக்கொண்டு படம் பிடித்தார்கள். டேப்பை மேற்கு பெர்லினுக்குக் கடத்தினார்கள், மறுநாள் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓடியது. கிழக்கு ஜெர்மானியர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்ததே அந்தச் சேனலைத்தான். தன் நாட்டில் நேற்று நடந்ததைப் பக்கத்து நாட்டு டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது.

அப்புறம் துருக்கியையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் கெஸி பூங்காப் போராட்டத்தில் கண்ணீர்ப் புகைக்குண்டு வெடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய செய்திச் சேனல் பென்குயின் பற்றிய ஆவணப்படம் ஓட்டியது. போராட்டக்காரர்கள் பென்குயினையே தங்கள் சின்னமாக்கிவிட்டார்கள்.

எகிப்தில் நடந்தது ஃபேஸ்புக் புரட்சிதானே? நான் அப்படித்தான் படித்தேன்.

2010 ஜூனில் அலெக்ஸாண்ட்ரியாவில் காலித் சயீத் என்ற இளைஞரைப் போலீஸ் அடித்தே கொன்றது. 'நாம் எல்லோரும் காலித் சயீத்' என்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கப்பட்டது, லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். 2011 ஜனவரி 25 போராட்டத்துக்கு அழைத்ததில் அந்தப் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இதுவரை நீங்கள் படித்தது சரி.

இனி நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். ஜனவரி 27 நள்ளிரவு தாண்டியதும் எகிப்து அரசு ஏறக்குறைய நாடு முழுவதும் இணையத்தை அணைத்தது. காலையில் செல்போனும் போனது. அவர்கள் கணக்குப்படி கூட்டம் சேரக் கூடாது. ஆனால் அன்று, ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து ஊரே ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவதற்கு எந்த ஆப் வேண்டும்? அதுவரை போராட்டத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இப்போது பார்க்க எதுவும் இல்லை. பிள்ளை எங்கே என்று தெரியாத அம்மா அப்பா தேடிக்கொண்டு வெளியே வந்தார்கள். அதுவரை இல்லாத பெருங்கூட்டம் அன்றுதான் கூடியது. பிப்ரவரி 2இல் இணையம் திரும்பி வந்தது, பிப்ரவரி 11இல் அதிபர் முபாரக் பதவியை விட்டுப் போனார்.

ஃபேஸ்புக் முதல் கூட்டத்தைக் கூட்டியது, ஃபேஸ்புக் இல்லாமல் போனது பெரிய கூட்டத்தைக் கூட்டியது. என் வாசிப்பு இது. மறுக்கிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டரை வருஷம் கழித்து ராணுவம் திரும்ப வந்து உட்கார்ந்தபோது அந்த லட்சக்கணக்கான லைக்குகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை யாரும் மறுப்பதில்லை.

அப்படியானால் இணையத்தை முடக்குவது அரசுக்கே ஆபத்து. ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்?

எப்போதும் ஆபத்தாக முடிவதில்லை, அதனால்தான். ஈரானில் 2019 நவம்பரில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்துப் போராட்டம் வெடித்தபோது ஏறக்குறைய ஒரு வாரம் நாட்டையே இருட்டில் வைத்தார்கள். அந்த இருட்டில் நடந்த சுட்டுக்கொல்லல்கள் வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 அன்று தொலைபேசியோடு சேர்த்து இணையமும் நின்றது. 2020 ஜனவரியில் 2ஜி மெல்ல வந்தது, 4ஜி வர 2021 பிப்ரவரி ஆனது. காலவரையின்றி முடக்கக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று சொன்னது. வெளியிடாத உத்தரவுகள் அதற்குப் பிறகும் உண்டு.

நேபாளம் நேர் எதிர். 2025 செப்டம்பர் 4 அன்று 26 தளங்களைத் தடை செய்தார்கள். பதிவு செய்யவில்லை என்பது அரசு சொன்ன காரணம். வெளிநாட்டில் வேலை செய்கிற லட்சக்கணக்கான பேர் வீட்டோடு பேசுவதே அவற்றில்தான். ஊழல் மேல் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கோபத்தோடு இதுவும் சேர்ந்தது. 8ஆம் தேதி சுட்டார்கள், ஒரே நாளில் 19 பேர் செத்தார்கள். 9ஆம் தேதி பிரதமர் ஓலி ராஜினாமா. அடுத்து யார் என்ற விவாதம், வீடியோ கேம் விளையாடுபவர்கள் பேசிக்கொள்வதற்கென்று வந்த டிஸ்கார்டில் நடந்தது. அங்கே அதிக ஆதரவு பெற்ற முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி 12ஆம் தேதி இடைக்காலப் பிரதமரானார். போராட்டம் எப்போதும் இப்படித்தான், தனக்காகச் செய்யப்படாத சாமானை எடுத்துக்கொள்கிறது.

வாட்ஸ்அப் வதந்தி போராட்டத்தைக் கெடுக்கிறதா?

கெடுக்கும். சில சமயம் தூக்கியும் விடும், அதுதான் சங்கடம். 1989 நவம்பர் 17 அன்று, அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்தது. ஒரு மாணவர் செத்துவிட்டார் என்று செய்தி கிளம்பி வெளிநாட்டு வானொலியிலும் வந்தது. சுத்தப் பொய், யாரும் சாகவில்லை. அந்த மாணவர் உயிரோடு இருப்பதாக அரசுத் தொலைக்காட்சி காட்டியது. யாரும் நம்பவில்லை! நாற்பது வருஷம் பொய் சொன்ன பெட்டி ஒரு நாள் உண்மை சொன்னால் அதன் கதி அதுதான். பொய்யிலிருந்து கிளம்பிய கூட்டம் கம்யூனிஸ்ட் ஆட்சியை இறக்கி, நியாயமான மாற்றத்தைக் கொண்டுவந்தது. இதை வைத்து வதந்தியை நியாயப்படுத்த மாட்டேன், ஆனால் மறைக்கவும் மனம் வரவில்லை.

போராட்டத்துக்குப் போனால் செல்போனை வைத்து நம்மைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 2014 ஜனவரியில் உக்ரைன் தலைநகர் கீவில் மோதல் நடந்த இடத்தருகே இருந்தவர்களின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'அன்புள்ள சந்தாதாரரே, நீங்கள் பெருங்கலவரத்தில் பங்கேற்றவராகப் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்.' அந்த 'அன்புள்ள' இருக்கிறதே!

2019இல் ஹாங்காங் இளைஞர்கள் இதற்கெல்லாம் தயாராக இருந்தார்கள். ரயிலில் தட்டிவிட்டுப் போகும் அட்டையில் பயணம் பதிந்துவிடும் என்று, டிக்கெட் இயந்திரத்தின் முன் நீண்ட வரிசையில் நின்று சில்லறைக் காசு போட்டு ஒற்றை டிக்கெட் வாங்கினார்கள். கேமரா வைத்த விளக்குக் கம்பத்தை அறுத்துச் சாய்த்தார்கள். ஆனால் போலீஸ் நடமாட்டத்தை வரைபடத்தில் காட்டிய ஆப் ஒன்றை அக்டோபரில் ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. கம்பத்தை அறுக்கலாம், அமெரிக்காவில் இருக்கும் ஸ்விட்சுக்கு எந்த ரம்பம் எட்டும்?

இத்தனை கருவிகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

மைக் செட். சிரிக்காதீர்கள்.

1963 ஆகஸ்ட் 28, அமெரிக்கக் கறுப்பினத்தவர் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. ஏற்பாடு முழுக்கப் பேயார்ட் ரஸ்டின் என்ற மனிதர் தலையில். கழிப்பறை எத்தனை, பேருந்துகள் எங்கே நிற்கும் என்று இரண்டு மாதம் கணக்குப் போட்டவர், ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார்: ஒலிபெருக்கி தரமானதாக இருக்க வேண்டும். காது கேட்காத கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க முடியாது என்பது அவர் கட்சி. பெரும் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தார்கள். பேரணிக்கு முன்பு யாரோ அதை நாசப்படுத்திவிட்டார்கள். நீதித் துறை வரை போய் முறையிட, ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவு வந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்து கொடுத்தது.

அரசு சும்மா செய்து கொடுக்கவில்லை. மேடையில் யாராவது எல்லை மீறிப் பேசினால் ஒலியைத் துண்டிக்கத் தன் ஆளை ஸ்விட்ச் பக்கத்தில் வைத்திருந்தது. துண்டித்ததும் அந்த இடத்தில் ஓடவிட மஹாலியா ஜாக்சன் பாடிய இசைத்தட்டு ஒன்றும் தயாராக இருந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்திருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் கடைசியில் பேசினார். இசைத்தட்டுக்கு வேலை வரவில்லை.